மாமா விலைக் கோட்பாடு: பொம்மிடித் தோல் பர்ஸை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: பொழுதுபோக்காகத் தோல் பர்ஸ் தைப்பவன் எந்த நொடியில் தொழிலதிபர் ஆகிறான்?

களமும் எல்லையும்: தருமபுரி மாவட்டம் பொம்மிடியில் என் வீட்டுத் திண்ணை. மழை வந்தால் ஆய்வு வீட்டுக்குள் நகரும்.

முன்னோர் முயற்சிகள்: தோல் எங்களுக்குப் புதிதன்று. ஊர் வழியாகச் சென்னைக்குப் போகும் தண்டவாளத்தில்தான் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. ரோட்டோரத்து ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பதப்படுத்திய தோல் ஒரு காலத்தில் லண்டன் வரை கப்பலேறியது. கவலை இறைத்த நாளில் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டு வந்ததும் தோல்பைதான். ஊறி ஊறி அது சீக்கிரம் நைந்துபோகும். 1900-களின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலில் இறங்கியபோது, தண்ணீருக்கு அசராத கவலைப் பையும் அவர் கணக்கில் இருந்தது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது பின்னால் அங்கே வந்த குரோம் தோல் ஆலை. இத்தனை பேர் பாடுபட்டும் என் கேள்விக்கு விடையில்லை.

முதல் கருதுகோள், அரசு சார்ந்தது: உத்யம் பதிவுச் சான்றிதழ் வந்ததும் தொழில் தொடங்கிவிடுகிறது. 2025 ஏப்ரல் முதல் குறுந்தொழிலுக்கு முதலீட்டு வரம்பு 2.5 கோடி ரூபாய். என் மரச்சுத்தி ஒன்று, குத்தூசி ஒன்று, தையல் ஊசி இரண்டு. கூட்டிப் பார்த்தேன், வரம்புக்குள் வருகிறது. பதிவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் சான்றிதழைக் காட்டி ஒரு பர்ஸும் விற்கவில்லை. கருதுகோள் தள்ளுபடி.

இரண்டாம் கருதுகோள், வாடிக்கையாளர் சார்ந்தது: "ஒரிஜினல் தோலா?" என்று ஒருவர் கேட்டதும் தொழில் தொடங்குகிறது. இவர்கள் மூவகைப்படுவர். முகர்வோர் கண்ணை மூடி மூச்சிழுத்துத் தலையாட்டுவர். கீறுவோர் நகத்தால் கோடு போடுவர். பட்டையில் பதனிட்ட தோலில் கோடு விழும், விரலால் தேய்த்தால் பெரும்பாலும் மங்கும். கொளுத்துவோர் தீப்பெட்டியோடு வருவர். தோல் என்றால் முடி கருகும் நாற்றம் வரும், ரெக்சின் என்றால் உருகிச் சுருளும். மூன்றாம் வகையினர் "ஒரிஜினல்தான்" என்று சான்றளித்துவிட்டு, ஓரம் கருகிய பர்ஸ் வேண்டாம் என்று போய்விடுவர். தள்ளுபடி.

நெறியாளர்: ஸ்டேஷன் பக்கம் மரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவர். இரண்டு ஊசியில் ஒரே நூலைக் கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபக்கமிருந்தும் இழுக்கக் கற்றுக்கொடுத்தவர். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். என் பர்ஸில் 60 சென்டிமீட்டர் தையல். 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை என்றால் 150 துளை, 300 இழுப்பு. இதே வேலைக்கு அவரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லும் ஊர், என்னைக் கைவினைக் கலைஞர் என்கிறது. இந்த முரண் தனி ஆய்வுக்குரியது. அவர் அருளிய சூத்திரம் ஒன்றே: "சொந்தக்காரன்னா வெலைய மொதல்லயே சொல்லிடு தம்பி. தச்சு முடிச்சிட்டுச் சொன்னா சண்டை."

சோதனை: மாமா வந்தார். பர்ஸைத் திருப்பிப் பார்த்தார்.

"சூப்பரா இருக்கு மாப்ள. எடுத்துக்கறேன்."

"நானூத்தி அம்பது, மாமா."

திண்ணையில் அமைதி. ஒரு கூட்ஸ் வண்டி முழுதாகக் கடந்து போனது.

"எனக்கேவா? பஸ் ஸ்டாண்டுல நூறு ரூவாய்க்குத் தர்றான்."

"அதை ஒருதரம் கொளுத்திப் பாருங்க, மாமா."

முறைத்தார். பிறகு பழைய பர்ஸைத் திறந்து, எண்ணி வைத்தார். அந்த நொடியில் நான் தொழிலதிபர் ஆனேன் என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

முடிபு: சொந்தத் தாய்மாமனிடம் காசு வாங்கும் நொடியே தொழில் பிறக்கும் நொடி. பிற யாவும் பொழுதுபோக்கு.

பின்னிணைப்பு: படியிறங்கிய மாமா திரும்பி வந்தார். "காலி பர்ஸ் கொடுக்கக் கூடாது மாப்ள, வீட்டுக்கு ஆகாது." ஒரு ரூபாய் வைத்துக் கொடுத்தேன். அதைச் செலவில் எழுதுவதா, சீரில் எழுதுவதா என்ற ஆய்வு தொடர்கிறது.