மீதி முந்நூறு எங்கே?

ஓட்டல் கல்லாவில் நடக்கும் தகராறுகளில், கணக்குத் தெரியாததால் வருவது அபூர்வம். கழித்தல் இரு தரப்புக்கும் நன்றாகவே வரும். எந்த எண்ணிலிருந்து கழிப்பது என்பதில்தான் சிக்கல்.

சாப்பிட்டது 180 ரூபாய்க்கு. மத்திய ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம், மாநில ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம். ஆளுக்கு நாலரை ரூபாய். ஆக, பில் 189. வாடிக்கையாளர் ஒரு தாளை நீட்டுகிறார். 11 ரூபாய் திரும்பி வருகிறது.

"அண்ணே, நான் ஐநூறு கொடுத்தேன்."

"இருநூறுதான் சார் கொடுத்தீங்க."

இரண்டு பேர் கணக்கும் சரி. முந்நூறு ரூபாயைத்தான் காணோம்.

ஐநூறு சாம்பல் நிறம். 2017 ஆகஸ்டில் வந்த இருநூறோ பளீரென்ற மஞ்சள். எப்படி மாறும்? மாறும். இரண்டுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளம் 150, 146. வித்தியாசம் நாலே மில்லிமீட்டர். மதியம் ஒரு மணிக்குக் கல்லாக்காரரின் கண் பில்லில் இருக்கும், காது பார்சல் கேட்பவரிடம் இருக்கும், தாளில் இருப்பது கை மட்டும். கைக்கு நிறம் தெரியாது. நான்காக மடித்துக் கொடுத்தால் நீளமும் தெரியாது.

பழுத்த கல்லாக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "ஐநூறு" என்று வாய்விட்டுச் சொல்லி, தாளை மேசைமேல் வைத்து, மீதியை எண்ணிக் கொடுத்த பிறகே பெட்டியில் போடுவார்கள். உள்ளே விழுந்துவிட்ட தாளுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

விசாரணை தொடங்குகிறது. "காலையில ஏடிஎம்ல எடுத்தது, எல்லாமே ஐநூறு. இருநூறே என்கிட்ட கிடையாது" என்று வாடிக்கையாளர் பர்ஸைத் திறப்பார். உள்ளே மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்க்கும். உடனே மூடுவார். "கேமரா பார்த்துடலாம் சார்" என்பார் முதலாளி. கேமராவில் வாடிக்கையாளரின் வழுக்கை துல்லியமாகத் தெரியும், தாள் தெரியாது. வரிசையில் நிற்கும் இளைஞர், யுபிஐ இருக்கும் காலத்தில் இதென்ன என்பதுபோல் போனை ஆட்டிக்கொண்டிருப்பார்.

கடைசியில் சமரசம்: "நம்பர் கொடுத்துட்டுப் போங்க. ராத்திரி கல்லா முடிக்கும்போது அதிகமா இருந்தா கூப்பிடுறேன்."

நியாயமான ஏற்பாடுதான். காலையில் போட்ட சில்லறையையும் அன்றைய ரொக்க பில்களையும் கூட்டினால், பெட்டியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். ஆனால், அதே மதியம் வேறொருவருக்கு இருநூறுக்குப் பதில் ஐநூறுக்கான மீதி போயிருந்தால், ராத்திரிக் கணக்கு அச்சுப் பிசகாமல் வரும். அந்த வேறொருவர் திரும்பி வந்து தகராறு செய்ததாக எந்த ஓட்டலிலும் பேச்சு இல்லை.

அதிர்ஷ்டம் இருந்து முந்நூறு கைக்கு வந்தாலும் விஷயம் முடிவதில்லை. அதன் பிறகுதான், முதலில் வந்த 11 ரூபாயை வாடிக்கையாளர் கவனிக்கிறார்: ஒரு பத்து ரூபாய் நாணயம், ஒரு மிட்டாய். பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது.

"செல்லும் சார், ரிசர்வ் பேங்கே சொல்லிடுச்சு."

"அப்போ இதை மட்டும் ஏன் எனக்குத் தள்ளுறீங்க?"