அம்மாவும் நானும் பேசறதில்லை

(கேள்வி – பதில்)

வாசகி, பாளையங்கோட்டை: அம்மாவும் நானும் பேசி ஆறு வருஷம் ஆச்சு. என் மகள் “ஆச்சி எங்கம்மா?” என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

“ஊர்லதான் இருக்கா” என்று உள்ளதைச் சொல்லுங்கள். சண்டைக்கான காரணத்தை மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் கட்சியில் உறுப்பினராகச் சேர அவளுக்குப் பதினெட்டு வயது ஆகட்டும்.

வாசகர், ஸ்ரீவைகுண்டம்: பெற்ற தாயே பிள்ளையைத் திருப்பி அனுப்புவாளா? சினிமாவில் வந்தால்கூட நம்ப முடியவில்லையே!

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. பெருங்குளத்தில், பொட்டுக்கட்டித் தேவதாசியாக்குவதற்காகக் கோயில் பெண்களிடம் விடப்பட்டிருந்தாள் ப்ரீனா என்கிற சிறுமி. தகப்பன் இல்லை. அம்மாவைத் தேடி இருபது மைல் நடந்து தூத்துக்குடி போய்ச் சேர்ந்தாள். பின்னாலேயே கோயில் பெண்களும் வந்து, சாமி குத்தம் ஆகிவிடும் என்று மிரட்டினார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பிஞ்சுக் கைகளை அம்மாவே பிரித்து ஒப்படைத்தாள். திரும்பி வந்ததும் அந்தக் கைகளில்தான் சூடு போட்டார்கள்.

1901 மார்ச்சில் மறுபடியும் தப்பினாள். அப்போது வயது ஏழு. இந்த முறை போனது அம்மாவிடம் இல்லை. பண்ணைவிளையில் இருந்த மிஷனரி எமி கார்மைக்கேலிடம். அவரைப் “பிள்ளை பிடிக்கிற அம்மாள்” என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். பிடித்தால் விடமாட்டாள் அல்லவா, ப்ரீனாவுக்கு வேண்டியதும் அதுதானே!

அந்தத் தாயைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. புருஷன் இல்லாதவள், எதிரே நின்று மிரட்டுவது சாமி பெயரில். யாரிடம் போய் முறையிடுவாள்?

வாசகி, களக்காடு: டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தாரே எமி, அவருடைய அம்மா என்ன ஆனார்?

கேட்டீர்களே ஒரு கேள்வி! அயர்லாந்துக்காரரான எமி 1895-இல் இந்தியா வந்தவர். 1951-இல் கண்மூடும் வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. மகள் வரமாட்டாள் என்று தெரிந்த அம்மா காத்ரின், 1904-இல் தானே கப்பலேறி டோனாவூர் வந்துவிட்டார். வீடு நிறையப் பேத்திகள். ஒன்றுகூட ரத்த உறவில்லை. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகள் பலர் என்பதால், வந்து சேர்ந்த நாளைத்தான் அங்கே கொண்டாடுவார்கள்.

பெற்றவர்கள் பிள்ளையைக் கேட்டு வாசலில் வந்து நின்றதும், கோர்ட்டுக்குப் போனதும் உண்டு. பிள்ளையைக் காப்பாற்றியது சரிதான். பெற்றவளையும் சேர்த்துக் காப்பாற்ற வழி இருந்ததா என்பது என் கேள்வி. எமியின் சமாதியில் கல்லறைக் கல் கிடையாது. பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் தாய் என்று பொருள்படும் ஒற்றைச் சொல், அவ்வளவுதான்.

வாசகர், அம்பாசமுத்திரம்: பொட்டுக்கட்டு எப்போது ஒழிந்தது?

சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947-இல். இருபதுகளிலேயே சட்டசபையில் அதற்காக வாதாடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். வீட்டுக்கதை தெரிந்தவரிடம் “இது புனிதமான வழக்கம்” என்று எதிர்த்தரப்பு எவ்வளவு நேரம் பேச முடியும்?

வாசகி, தென்காசி: புகழ்பெற்ற மகள்களுக்கும் அம்மாவோடு சண்டை வருமா?

எம்.எஸ். சுப்புலட்சுமியே இருக்கிறாரே! பாட்டி அக்கம்மாள் வயலின், அம்மா சண்முகவடிவு வீணை. அம்மா வகுத்த வழி பிடிக்காமல் 1936-இல், பிற்பாடு கணவரான சதாசிவத்தின் வீட்டுக்குப் போய்விட்டார். வயிற்றில் பிள்ளை சுமக்காதவர்; ஆனால் சதாசிவத்தின் முதல் தாரத்துப் பிள்ளைகளான ராதா, விஜயாவை வளர்த்தார். ராதா கூடவே மேடையேறிப் பாடினார். மாற்றாந்தாய்க் கதை எழுதும் சீரியல்காரர்கள் கொஞ்சம் கவனிக்கவும்.

வாசகி, பேட்டை: என் மாமியாரும் அவருடைய அம்மாவும் இருபது வருஷமாகப் பேசுவதில்லை. நான் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணலாமா?

சமாதானம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் மேல் பாய்வார்கள். (அதுவும் ஒருவகை ஒற்றுமைதான்.) உடன்குடி கருப்பட்டி ஒரு கிலோ வாங்கிக்கொண்டு அந்த ஆச்சியிடம் தனியாகப் போய், உளுந்தங்களிக்குப் பக்குவம் கேளுங்கள். தூக்குச்சட்டியில் களியோடு வீடு திரும்பி மாமியார் தட்டில் வையுங்கள். யார் கிண்டியது என்று நீங்கள் சொல்லவேண்டாம். ஒரு வாய் சாப்பிட்டதும் அவரே கேட்பார்.