திமில் தெரிகிறதா?

வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் புதுக்கோட்டை மாவட்டம் தச்சன்குறிச்சியில்தான் நடக்கும். நேரலையில் முதலில் தெரிவது அமைச்சரின் கொடியசைப்பு, பிறகு அமைச்சர், அப்புறம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுகிறவர்கள். அதற்குள் நாலு காளை போயிருக்கும். வர்ணனையாளரோ, "மாட்டுக்காரருக்கு ஒரு அண்டா, ஒரு கட்டில்" என்று பாத்திரக்கடை ரசீது வாசிக்கிறார். திமிலை யார் பிடித்தார், மூன்று துள்ளலுக்குத் தாங்கினாரா, வாலைப் பிடித்துக் கெடுத்தது யார்? அந்த நேரம் பார்த்து திரையின் கீழ்ப்பாதியை நகைக்கடை விளம்பரம் அடைத்துக்கொள்ளும்.

சீட்டாட்டமே தேவலை. 1999இல் பிரிட்டனின் சேனல் 4, 'லேட் நைட் போக்கர்' நிகழ்ச்சிக்காக மேசையில் கண்ணாடி பதித்து அடியில் கேமரா வைத்தது. கவிழ்த்த சீட்டு வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது. உட்கார்ந்து முறைத்துக்கொள்ளும் ஆட்களைக்கூட ஜனங்கள் தூக்கம் கெட்டுப் பார்த்தார்கள். வாடிவாசலுக்குள்ளும் ஒரு கேமரா வைக்கலாம். அடுத்து வருவது எந்த ஊர்க் காளை, போன வருடம் எத்தனை பேரை உதறியது என்று ஒரு வரி ஓடட்டும். காளைக்கு ஆட்சேபம் இருக்காது. பேட்டி மட்டும் வேண்டாம், "இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று மைக்கை நீட்டினால் அது பதில் சொல்லிவிடும்.