வெத்து வண்டிக்கு நாலு மூட்டை

வா மாப்ள, குந்து. கால் சேத்தை அப்பறமா கழுவிக்கலாம். வேங்கிக்கால் ஏரி கோடி போற நேரத்துல, ஏரிக்கு அந்தாண்ட மண்ரோட்டுல உன் பொலேரோ பிக்கப்பு நின்ன எடத்துலயே சக்கரத்தைச் சுத்திக்கினு கெடந்துச்சாமே? டிராக்டர் வச்சு இழுத்தவன் 500 ரூபா வாங்கினானாம். நியாயமான கூலிதான். வேடிக்கை பார்த்தவங்ககிட்ட தலைக்குப் பத்து ரூபா நீ வசூல் பண்ணியிருந்தா கணக்கு நேராயிருக்கும்.

வண்டி மேல குத்தமில்ல. இன்ஜின் முன்னாடி, நீ முன்னாடி, உன் தொந்தி உனக்கும் முன்னாடி. தள்ளுற சக்கரம் மட்டும் பின்னாடி. அங்க இன்னா வச்சிருக்க? ஒரு ஜாக்கி, ரெண்டு பழங்கோணி. ஒன்றரை டன்னைத் தாங்கறதுக்குன்னு அடுக்கின பட்டை, வெத்து வண்டியில விறைச்சுக்கினு நிக்கும். சின்னப் பள்ளத்துக்கே பின்பக்கம் துள்ளும். டயரு தரையை அழுத்தினாத்தான் பிடி. அழுத்தம் பாதின்னா பிடியும் பாதி. சேத்துல அந்தப் பாதியும் மிஞ்சாது. நீ கோவத்துல ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கும்.

உன் பாட்டன் பள்ளிக்கூடம் போகாமலே இதைத் தெரிஞ்சு வச்சிருந்தாரு. கழனியில பரம்பு ஓட்டும்போது பலகை மேல என்னைத் தூக்கிக் குந்த வைப்பாரு. புள்ள மேல எம்மாம் பாசம்னு நெனச்சுக்கினு இருந்தேன். பாரத்துக்காம்! நான் காய்ச்சல்ல படுத்த அன்னைக்கு என் எடத்துல ஒரு கல்லு குந்தியிருந்துச்சு. மாட்டு வண்டியில மூட்டை ஏத்தினா நொகத்தடியை ஒரு கையால தூக்கிப் பார்ப்பாரு. முன்பாரம் கூடினா மாட்டுக் கழுத்து நோவும். பின்பாரம் கூடினா நொகத்தடி எகிறும், கழுத்துக் கயிறு இறுக்கும்.

அம்மாம் பழைய கதை வேணாம்னா, உன்னை இழுத்தானே அந்த டிராக்டரைப் பாரு. பின் டயருல முக்காவாசி தண்ணி ரொப்பியிருக்கான். பத்தாததுக்குச் சக்கரத்துல வார்ப்பிரும்பு வெயிட்டு. குளிர் தேசத்துல அந்தத் தண்ணி உறைஞ்சு போவும்னு கால்சியம் குளோரைடைக் கரைச்சு ரொப்புவாங்களாம். சக்கரத்துக்கே தண்ணி குடிக்க வச்சு வேலை வாங்கறான். நீ வண்டியைப் பட்டினி போட்டுட்டு ஓடு ஓடுங்கற.

உன் பெரியப்பன் மவன் கனடாவுலருந்து போன்ல சொன்னானாமே, பனிக் காலத்துல பிக்கப்புல மணல் பை போட்டுக்குவாங்கன்னு. நெசந்தான். அமெரிக்காவுல அதுக்குன்னே நீட்டு நீட்டா 60 பவுண்டு பை விக்கறாங்க, நம்ம கணக்குல 27 கிலோ. வண்டி மாட்டிக்கிச்சுன்னா பையைக் கிழிச்சு டயருக்கு அடியில தூவிக்கலாம், நல்ல ரோசனை. நீயும் மணல் ஏத்தப் போறியாமே? ஏத்து மாப்ள. கலெக்டர் ஆபீசு இருக்கற ஊர்ல, பில்லு இல்லாம, பிக்கப்புல ஆத்து மணல் மூட்டை! மடக்கினா, “விக்கறதுக்கு இல்ல சார், வழுக்காம இருக்கறதுக்கு”ன்னு சொல்லு. மெச்சிக்கினு டீ வாங்கிக் குடுப்பாங்க. அதுக்கப்பறம் உன் வண்டி எந்தச் சேத்துலயும் வழுக்காது. ஆபீசு மரத்தடியில ஆடாம அசையாம நிக்கும்.

சிமெண்டு மூட்டை வைக்கலாமான்னு கேக்காத. கார்த்திகை மழையில நாலு நாள் நனைஞ்சா எறக்க முடியாது. தண்ணி டிரம்மும் வேணாம். அரை டிரம் தண்ணி நீ பிரேக் போட்டா முன்னால ஓடும், எடுத்தா பின்னால ஓடும், வளைச்சா வண்டியையும் சேத்து வளைக்கும்.

போன முகூர்த்தத்துல கூட்டாளிங்க ஏழெட்டுப் பேரைப் பின்னாடி ஏத்திக்கினு, “பாரத்துக்குப் பாரமும் ஆச்சு மாமா”ன்னியே, அதைத்தான் இன்னும் மறக்க முடியல. சரக்கு வண்டியில ஆளை ஏத்தறது சட்டப்படி குத்தம், அதைப் போலீஸ்காரன் சொல்லுவான். நான் சொல்றது வேற. மூட்டை வச்ச எடத்துல கெடக்கும். உன் கூட்டாளிங்க? ஒருத்தன் பாட்டுக்கு ஆடறான், ஒருத்தன் செல்போனைத் தூக்கிக்கினு எக்கறான், வளைவுல மொத்தமா ஒரே பக்கம் சாயறாங்க. மூட்டை விழுந்து கிழிஞ்சா கோணி ஊசியால தைச்சுக்கலாம் மாப்ள.

பின் அச்சுக்கு நேர் மேல வை, இல்லன்னா ஒரு சாண் முன்னால. டெயில் போர்டு ஓரமா தள்ளிட்டுப் போனா பின்னாடி அமுங்கி முன்னாடி எகிறும். ஸ்டீரிங்கு கையில லேசா இருக்கும், நீயும் சந்தோஷமா திருப்புவ, வண்டி அது பாட்டுக்கு நேரா போவும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டு. கட்டாத மூட்டை, பிரேக் போட்டதும் கேபினுக்குள்ள உன் பக்கத்துல குந்த வரும்.

பாரம் ஏத்திட்டோம்னு மீசையை முறுக்காத. கெளம்பறதுக்குத்தான் அது ஒத்தாசை. ஜமுனாமரத்தூர் போயிட்டு மலை எறங்கும்போது அந்தப் பாரத்தையும் சேத்து நிறுத்தறது உன் பிரேக்கு. சின்ன கியர்லயே எறங்கு. அப்பறம் அந்த டயரு... என் தலையிலயாச்சும் ஓரத்துல நாலு முடி இருக்கு. கனடாவுல கியூபெக்குன்னு ஒரு மாகாணம், அங்க டிசம்பர் 1-லருந்து மார்ச் 15 வரைக்கும் பனி டயரு போடலைன்னா அபராதம். பின்னாடி மணல் மூட்டை இருக்குன்னு காட்டினா விட மாட்டான்.

எம்மாம் ஏத்தறதுன்னா, 300 கிலோ போதும். சும்மா சும்மா சுமந்தா டீசலுக்குக் கேடு, அதனால போய்ச் சேர ஒரு எடம் இருக்கற பாரமா பாரு. யூரியா மூட்டை இப்பல்லாம் 45 கிலோதான், கணக்கு உதைக்கும். நெல்லு மூட்டைன்னா 75. நாலு போட்டா சரியா 300.

தோ, திண்ணை ஓரமா தார்ப்பாய்க்கு அடியில நாலு மூட்டை சொர்ணவாரி நெல்லு இருக்கு. உனக்காகத்தான் எடுத்து வச்சேன். காலையில டவுனுக்குத்தானே போற, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல எறக்கிட்டு ரசீதை மட்டும் என் பேர்ல வாங்கிக்க. திரும்பும்போது வெத்து வண்டி வழுக்குமேன்னு கவலைப்படாத. உங்க அத்தை ரெண்டு மூட்டை தவுடும் ரெண்டு மூட்டை புண்ணாக்கும் சொல்லி வச்சிருக்கா.