சிபாரிசுக் கடிதம் வேண்டல்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஐப்பசி மாதத்து அடைமழையோடு தொடங்கி, கார்த்திகையில் உக்கிரமடைந்து, மார்கழி பிறக்கும் தறுவாயில் ஒருநாள் நள்ளிரவோடு சட்டென்று ஓய்ந்துபோகும் விசேஷ நிகழ்ச்சி ஒன்று உண்டு. வகுப்பு நடக்கும் காலத்தில் ஆசிரியரைத் தாழ்வாரத்தில் கண்டால் பக்கத்துப் படிக்கட்டில் இறங்கி மறைந்துவிடும் இயல்பினராகிய இறுதியாண்டு மாணாக்கர், அந்த இரண்டு மாத காலத்தில் மட்டும் அதே ஆசிரியரின் அறைவாசலில் மணிக்கணக்கில் நிற்பதும், அவர் கேன்டீனுக்குப் போனால் பின்தொடர்வதும், வண்டி நிறுத்துமிடத்தில் எதிர்ப்பட்டுத் தற்செயல்போல் வணங்குவதும், அயலவர் கண்ணுக்குக் குருபக்தியின் மறுமலர்ச்சியாகவே தோன்றக்கூடும். நுணுகி நோக்குவார்க்குக் காரணம் வேறென்பது விளங்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ். பட்டத்துக்கு விண்ணப்பிப்போர் பெரும்பாலும் மூவரிடமிருந்து சிபாரிசுக் கடிதம் பெற்றாக வேண்டும். அவ்விண்ணப்பங்களில் கணிசமானவற்றுக்கு டிசம்பர் 15 கடைசி நாள். அந்நாள் கார்த்திகை மாதத்தின் முடிவில் வருவதைப் பஞ்சாங்கம் பார்ப்பவர் அறிவர். எல்.ஓ.ஆர். என்று மாணாக்கர் பயபக்தியோடு வழங்கும் இக்கடிதத்தின் தோற்றம், இலக்கணம், பாடபேதம் ஆகியவற்றை இயன்ற மட்டும் ஆராய்வதே இவ்வியாசத்தின் பிரயோஜனம்.

முதலில் பிரமாணம். ஒருவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்றும், எத்துணைப் புதுமைகளைப் படைத்தவனாயினும் அவனுக்குச் சிறப்புப்பாயிரம் சொல்லவேண்டியவர் பிறரே என்றும் பவணந்தி முனிவர் நன்னூலில் விதித்தார். அந்தப் பிறர் யாவர் என்பதையும் அவர் யூகத்துக்கு விட்டுவிடவில்லை: ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என வரையறை செய்து, அவர்களுள் ஆசிரியனையே முதலில் வைத்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் நன்னூலைப் பயின்றார்கள் என்று சாதிக்க நாம் துணியோம். ஆயினும் அவர்கள் உடன்கற்றோனைத் தள்ளி ஆசிரியனையே பெரிதும் வேண்டுவது பவணந்தியாரின் வரிசைமுறைக்கு முற்றும் இசைந்திருப்பதை மறைக்கவும் இயலாது. மேலும், அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போது புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாம் என்று அவரே விதிவிலக்கும் வகுத்திருக்கிறார். விண்ணப்பத்தோடு மாணாக்கன் தன் நோக்கத்தைத் தானே விரித்தெழுதும் எஸ்.ஓ.பி. என்ற அறிக்கை அவ்விதிவிலக்கில் அடங்கும். எனவே அதில் அவன் சொல்லிக்கொள்ளும் எதற்கும் இலக்கணத் தடை இல்லை. தடை எழுவது எல்.ஓ.ஆர். விஷயத்தில்தான், அது எப்படி மீறப்படுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி உதாரணங்கள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தமக்குப் பின் அவ்விடத்துக்கு உரியவர் இளைஞராகிய உ.வே. சாமிநாதையரே என்று எடுத்துச்சொல்லி 1880-இல் அவரை அங்கே அமர்த்தினார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர் ஆதலின், இது நன்னூலார் சொன்ன உடன்கற்றோன் வகையைச் சாரும். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலைக்கு ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1912-இல் மனுச் செய்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய நற்சான்று துணைநின்றது. அதில் எண்களைப் பற்றிய அவருடைய அசாதாரணத் திறமையைக் குறிப்பிட்டதோடு, கணக்குப் போடுவதில் மிக விரைவானவர் என்றும் அப்பேராசிரியர் சேர்த்திருந்தார். எதிர்காலத்தில் கேம்பிரிட்ஜையே திகைக்கவைக்கப்போகிறவரைக் கூட்டல் கழித்தலில் சுறுசுறுப்பானவர் என்று புகழ்வது நகைப்புக்கு இடமாகலாம். ஆயினும் பேரேட்டுக்கு ஆள் தேடுபவரிடம் வேறென்ன சொல்வது? படிக்கப்போகிறவர் யார் என்று அறிந்து எழுதுவதே சிபாரிசின் உயிர்நிலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கவில்லை. இனி, 1948-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஜான் நாஷ் என்ற மாணவரைச் சிபாரிசு செய்து கார்னெகி தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் டஃபின் எழுதிய கடிதம் மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கியது: இன்னார் விண்ணப்பித்திருக்கிறார், வயது பத்தொன்பது, வருகிற ஜூனில் பட்டம் பெறுகிறார், அவர் ஒரு கணித மேதை. அவ்வளவே. 1994-இல் நாஷுக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகு அக்கடிதத்தில் திருத்த வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

இம்மூன்று உதாரணங்களுக்கும் பொதுவான அம்சம் ஒன்றுண்டு. சிபாரிசு செய்தவருக்குச் செய்யப்பட்டவரின் தரம் தெரிந்திருந்தது. அற்பமாகத் தோன்றும் இந்த அம்சத்தை நம் கல்லூரிகள் மிகுந்த சாமர்த்தியத்தோடு நீக்கிவிட்டு, அதன்பின்னும் கடிதங்களைத் தட்டின்றி உற்பத்தி செய்துவருகின்றன. ஒரு வகுப்புக்கு 60 பேர் வீதம், இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து, இன்டெர்னல் மதிப்பெண் போட்டு, வருகைப்பதிவில் குறைந்தவர்களின் தகப்பனார்களோடு பேசி, பல்கலைக்கழகத் தேர்வுத் தாள் திருத்த வேல்யுவேஷன் முகாமுக்கும் போய்வரும் ஆசிரியருக்கு, ஒருவன் முகம் நினைவிருந்தால் பெயர் நினைவில்லை. பெயர் நினைவிருந்தால் அது அநேகமாக அரியர் வைத்தவனின் பெயர். ஆகவே யாரிடம் கேட்பது என்பதே மாணாக்கனின் முதற் பிரச்சினை ஆகிறது.

இப்பிரச்சினையைத் தீர்ப்பதற்கு ஏற்பட்ட பிரபந்த வகையே ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் ஒருவன் எதிர்ப்பட்ட மற்றொருவனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் குணத்தையும் கூறி ஆற்றுப்படுத்துவதாக அமைந்த நூல்கள் பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து. பதினொன்றாவதாக வைக்கத் தகுதியுடைய ஒன்று ஒவ்வோராண்டும் விடுதி மொட்டைமாடியில் வாய்மொழியாக இயற்றப்படுகிறது. சென்ற ஆண்டு கடிதம் பெற்றுப் பயணத்துக்குக் காத்திருக்கும் சீனியர், இவ்வாண்டு இளைத்து நிற்கும் ஜூனியரை நோக்கி, இன்ன பேராசிரியர் காலையில் கோபமாக இருப்பார் ஆதலின் மதிய உணவுக்குப் பின் செல்க என்றும், இன்னாரிடம் லெட்டர்ஹெட் தட்டுப்பாடு எப்போதும் உண்டு என்றும், எச்.ஓ.டி. கையெழுத்துக்குக் கௌரவம் அதிகம், ஆனால் அவர் நாக் குழு வரும் வாரத்தில் யாரையும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார் என்றும், ப்ராஜெக்ட் கைடு நல்லவர், கேட்டால் கொடுப்பார், அவர் பிஎச்.டி. இன்னும் முடிக்காததுதான் யோசனை என்றும் விரித்துரைப்பான். காலமறிதல், இடனறிதல் என்ற திருக்குறள் அதிகாரங்கள் இதனுள் முழுவதும் அடங்கிவிடுகின்றன. இரவு, இரவச்சம் என்ற அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்ததன் நுட்பமோ, அறைவாசலில் நிற்கும்போது தானாகவே விளங்கும்.

எல்லா ஆற்றுப்படைகளும் ஒருமுகமாக விலக்கச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு துறையிலும் இருப்பார். அவரிடம் போனால் கடிதம் தராமல் உட்காரச் சொல்லுவார். என்ன ப்ராஜெக்ட் செய்தாய், அந்த முறையை ஏன் எடுத்தாய், அது பலிக்காதபோது என்ன செய்தாய் என்று அரைமணி நேரம் கேட்பார். கேட்டதைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் தாமே எழுதுவதாகச் சொல்லி அனுப்பிவிடுவார். வைவாவிலும் இத்தனை வியர்க்கவில்லை என்று அவரிடம் போய்வந்தவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாட்டில் எழுதப்படும் கடிதங்களுள் படிக்கத்தக்கவை அத்தகையோர் எழுதுபவை மட்டுமே என்பது என் அபிப்பிராயம். எனினும் சிறுபான்மை வழக்கு ஆதலின் சாஸ்திரம் இவரைப் புறனடையிலேயே வைக்கிறது.

பெருவழக்காவது பின்வரும் சம்வாதம்.

"சார், ஒரு சின்ன ஹெல்ப் சார்."

"என்னப்பா?"

"எல்.ஓ.ஆர். வேணும் சார். யு.எஸ். அப்ளை பண்றேன்."

"எத்தனை யுனிவர்சிட்டி?"

"எட்டு சார்."

"சரி, டிராஃப்ட் எழுதி எடுத்துட்டு வா. பாத்துட்டு சைன் போடறேன்."

இக்கடைசி வாக்கியத்தில்தான் பவணந்தியாரின் விதி உடைகிறது. உலக இலக்கியத்தில் பாட்டுடைத் தலைவனும் புலவனும் பரிசில் பெறுவோனும் ஒருவனேயாக, பெயர் மட்டும் பிறிதொருவருடையதாக அமைந்த பிரபந்தம் இதுவே எனலாம். தன்னை நேரிற் காணாமலே பரிசில் அனுப்பிய அதியமான்மீது சினந்து, காணாது ஈந்த பொருளைக் கொள்ளத் தான் வாணிகப் பரிசிலன் அல்லன் என்று பெருஞ்சித்திரனார் மறுத்தது புறநானூற்றுச் செய்தி. நம் மாணாக்கனோ, ஆசிரியர் தன்னைக் காணாதது மட்டுமன்றிக் கடிதத்தையும் காணாமலே கையெழுத்திட்டுவிட்டால் அதனினும் மகிழ்ச்சி அடைகிறான். புலமையின் வீழ்ச்சி என்று இதனை நிந்திப்பார் உளர். அவர்கள் டிராஃப்ட் எழுதும் சிரமத்தை அறியாதவர்கள். மூன்று ஆசிரியர்களின் பெயரால் மூன்று கடிதங்களைத் தயாரிக்கும் ஒருவன், மூன்றும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்று அயல்நாட்டார் கண்டுகொள்ளாதபடி, ஒன்றை நீண்ட வாக்கியங்களிலும் ஒன்றைக் குறுகிய வாக்கியங்களிலும் அமைத்து, மூன்றாவதில் அவ்வாசிரியருக்கு இயல்பான ஆங்கிலப் பிழைகள் இரண்டொன்றையும் பொறுக்கிச் சேர்க்கவேண்டியிருக்கிறது. கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சித்தர்களும் ஒரே இரவில் மூன்று கூடுகளை முயன்றதாகக் கேள்விப்பட்டதில்லை. அதிலும் விசித்திரம் யாதெனில், எஸ்.ஓ.பி.யில் கூசாமல் தன் புகழ் பாடியவனுக்கு, ஆசிரியர் வாயாகப் பேசும்போது நா எழாமற் போகிறது. 'இவனை நான் முதன்முதலில் கவனித்தது' என்று தொடங்கியவன், எப்போது கவனித்தார் என்று நெடுநேரம் யோசித்து, ஒன்றும் தோன்றாமல் சீனியரின் பழைய கடிதத்தைக் கேட்டு வாங்குகிறான்.

இங்கே நாம் பாடபேத ஆராய்ச்சிக்குள் நுழைகிறோம். சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்பொருட்டுப் பல ஊர் ஏடுகளை ஒப்புநோக்கிய அதே முறையை எல்.ஓ.ஆர். பிரதிகளுக்கும் கையாண்டால், ஒரு துறையில் வழங்கும் கடிதங்கள் யாவும் என்றோ ஒரு சீனியர் இயற்றிய ஒரே மூலபாடத்திலிருந்து கிளைத்தவை என்பது புலப்படும். பரம்பரையை நிர்ணயிக்க உதவுவன பிழைகளே. மாணவிக்காக எழுதிய பிரதியில் இரண்டாம் பத்தி முழுவதும் ஆண்பாலாக நிற்பின், அதன் முன்னோன் ஓர் ஆண்மகன். கணினித்துறைக் கடிதத்தில் வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் அசாத்தியத் தேர்ச்சி என்று காணின், இடையிலே மெக்கானிக்கல் துறைக்காரன் ஒருவன் கைபட்டிருக்கிறது. கடைசி வரியில் வேறொருவன் பெயரே எஞ்சி நிற்பின் ஆராய்ச்சிக்கு வேலையே இல்லை. வெளிநாட்டுக் கல்விக்கு வழிகாட்டும் கன்சல்டன்சிகள் கொடுக்கும் பிரதிகளில் இடைச்செருகல் மிகுதி. உள்ளத்தை உருக்கும் தலைமைப் பண்புக் கதைகள் அங்கிருந்து புகுந்தவை என்று கொள்ளலாம்.

கடிதம் முற்றியபின் நிகழும் ஒரு சடங்கைச் சொல்லாமல் மேற்செல்லக் கூடாது. அமெரிக்காவில் 1974-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின்படி, மாணவன் தன்னைப் பற்றிய பதிவேடுகளைப் பார்வையிடலாம்; சிபாரிசுக் கடிதங்களைப் பொறுத்தமட்டில் அவ்வுரிமையை அவனே எழுத்துமூலம் துறந்துவிடவும் செய்யலாம். துறந்தவன் கடிதத்தையே தேர்வுக் குழுவினர் பெரிதும் நம்புவர். ஏனெனில் மாணவன் பார்க்கமாட்டான் என்ற தைரியத்தில் ஆசிரியர் உள்ளதை உள்ளபடி எழுதியிருப்பார் என்பது அவர்கள் அனுமானம். ஆதலால் நம் மாணாக்கன், தானே இருமுறை பிழைதிருத்தி, தானே அச்செடுத்து, கையெழுத்துக்குத் தானே பேனாவும் நீட்டிய அக்கடிதத்தை எக்காலத்தும் காண விரும்பேன் என்று பிரதிக்ஞை செய்து கட்டத்தை நிரப்புகிறான். ஞானிகளின் துறவுகளில் இதற்கு ஒப்பானதை நாம் எங்கும் படித்ததில்லை.

முன்னாளில் உறையின் மடிப்பின் குறுக்கே ஆசிரியர் கையெழுத்திட்டு ஒட்டிக் கொடுத்தார். இந்நாளில் அவருடைய அலுவல் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு வருகிறது. எட்டுப் பல்கலைக்கழகங்கள் எனில் எட்டு இணைப்புகள். அவற்றுள் சில குப்பை அஞ்சலில் விழுந்துகிடக்க, கெடுவுக்கு முந்தின இரவில் மாணாக்கன் குறுஞ்செய்திமேல் குறுஞ்செய்தியாக அனுப்பி அவற்றை மீட்கவேண்டும். இணைப்பைத் திறந்தால் கடிதம் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பட்டியல் கேட்கிறது. அறிவுக்கூர்மை, ஆராய்ச்சித் திறன், எழுத்துவன்மை, முதிர்ச்சி என்று இடப்பக்கம் குணங்கள். மேல்வரிசையில் முதல் 5 சதவீதம், 10 சதவீதம், 25 சதவீதம் என்று தராதரம். வலக்கோடியில் 'கவனிக்க வாய்ப்பில்லை' என்று பெரும்பாலும் ஒரு கட்டம் இருக்கும். இப்பட்டியல் முழுவதிலும் நம் ஆசிரியர் மனச்சாட்சிக்கு மாறில்லாமல் குறியிடக்கூடிய கட்டம் அது ஒன்றே. ஆனால் அதில் குறி விழக் கண்டவர் எவரும் நமக்கு அகப்படவில்லை. முதல் 5 சதவீதத்தில், அறுபது பேர் வகுப்பின் பாதி அடங்கிவிடுகிறது.

ஆசிரியர்களைக் குறைகூறுவதா இது என்று பூர்வபக்ஷம் எழலாம். அல்ல. நூற்றெண்பது பேரை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒவ்வொருவனைப் பற்றியும் ஒரு பக்கம் எழுது என்று கேட்கும் ஏற்பாட்டுக்கு, பாதிக்கப்பட்ட இரு தரப்பும் சமாதானமாகக் கண்டுகொண்ட உபாயமே டிராஃப்ட். அவர் கையெழுத்தில் மனமிரங்கலும் ஓரளவு வெட்கமும் சேர்ந்தே இருக்கின்றன. அறைவாசலில் நின்று வேண்டிய அந்தச் சில நிமிஷங்களே நான்காண்டுகளில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிய முதற் பேச்சாகவும் அநேக சந்தர்ப்பங்களில் அமைந்துவிடுகிறது.

கடிதத்தின் பலாபலனைப் பற்றிச் சிறிது கூறி நிறுத்துவோம். பங்குனி வாக்கில் அனுமதி கிடைத்த செய்தி பெற்றோருக்கும், மாமன்மார்க்கும், அடுத்த வீட்டாருக்கும், வங்கிக்கடன் அதிகாரிக்கும் எட்டுகிறது. சிபாரிசு செய்த ஆசிரியருக்கு அது எட்டுவது அடுத்த ஐப்பசியில், புதிதாக வாசலில் வந்து நிற்கும் வேறொருவன் வாயிலாக.

"போன வருஷம் அந்த அண்ணாவுக்கு நீங்க குடுத்த லெட்டர்லதான் சார் சீட் கிடைச்சுதாம்."

"அப்படியா! சந்தோஷம்பா. அந்த டிராஃப்ட் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு சார். பேரை மட்டும் மாத்தணும்."