குடைச் சின்னமும் தையல் மிஷினும்

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் கரும்பலகைக்கு மேலே, சுவர் நீளத்துக்கு எழுத்துகளும் படங்களும் வரைந்திருக்கும். 'கு'வுக்குக் குடை. 1989 ஜனவரி 20-ஆம் தேதி சாயங்காலம் அந்தக் குடையின்மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி மறைத்தோம். மறுநாள் சட்டமன்றத் தேர்தல். அந்த அறைதான் வாக்குச்சாவடி.

மறைக்கச் சொன்னவர் பெரிய சார். அந்தப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து முந்தின ஆண்டு ஓய்வு பெற்றவர். சுவரில் குடையை வரைந்ததும் அவர்தான். தேர்தலில் குடைச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றதும் அவர்தான். வேறு எந்தக் கட்சிக்காரரும் அந்தப் படத்தைக் கவனித்திருக்கவில்லை. இவரே போய் வாக்குச்சாவடி அலுவலரிடம் சொன்னார். மைதாப் பசைக் கிண்ணத்தோடு நின்ற எனக்கு அழுகை வந்தது. "கண்ணுல பட்டப்புறம் சும்மா இருந்தா அது தப்புல்லா?" என்று மட்டும் கேட்டார்.

எங்களுடையது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தியும் மிளகாயும். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். விடிவதற்கு முன்னால் ஆபீஸ் பஸ் வந்து ஊர் முக்கில் ஹாரன் அடிக்கும். பெரிய சார் பாடம் நடத்திக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு அதில் ஏறிப் போவார்கள், குச்சி அடுக்க. பொழுது சாய்ந்த பிறகு திரும்புவார்கள். பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தீப்பெட்டித் தொழிலில் வைக்கக் கூடாது என்று 1986-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்யும் வேலையை அந்தச் சட்டம் தொடவில்லை. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது, அவ்வளவுதான். பெரிய சாரின் வருகைப் பதிவேட்டில் பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஒரு மாதம் முழுக்க சுழி கிடக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் தேர்தலில் நின்றதற்குக் காரணம் அந்தச் சுழிகள்தான். அவருடைய நோட்டீசில் இரண்டே கோரிக்கைகள். சுற்றி உள்ள கிராமங்களுக்குப் பொதுவாக ஓர் உயர்நிலைப் பள்ளி வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வருவது போலப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பஸ் வர வேண்டும். அரசாங்கத்துக்கு அதுவரை அவர் எழுதிய மனுக்களின் நகல்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. மனு எழுதுகிறவனாக இருந்தது போதும், மனு போகிற இடத்தில் ஒரு நாற்காலி கிடைக்குமா பார்ப்போம் என்றுதான் கிளம்பினார். வேலையில் இருக்கும்வரை அது முடியாது. அரசு ஆசிரியர் தேர்தலில் நிற்கக் கூடாது, யாருக்காகவும் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது நடத்தை விதி. அதனால் ஐம்பத்தெட்டு வயது முடியும்வரை காத்திருந்தார்.

அந்தக் காலத்தில் வேட்புமனு போடுவது எளிது. டெபாசிட் 250 ரூபாய். ஒரே ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். சொத்துக் கணக்கு எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரமெல்லாம் பிற்பாடு வந்தது. சைக்கிள் ஹாண்டில்பாரில் ஒரு கறுப்புக் குடையை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போக, நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் மிதித்தோம். எம்.ஜி.ஆர். இறந்து ஓராண்டுக்குமேல் ஆகியிருந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. உதயசூரியன் ஒரு பக்கம், தனியாக நின்ற காங்கிரசின் கை ஒரு பக்கம். இந்த நான்குமுனைக் கூச்சலுக்கு நடுவில்தான் எங்கள் குடை.

போன வீட்டிலெல்லாம் மரியாதை. கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டு, மோர் கொடுத்து, "சார் எதுக்கு இந்தச் சாக்கடையில எறங்கணும்?" என்பார்கள். ஒரு பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஒங்ககிட்ட படிச்சுத்தான் சாமி எம்மவன் இன்னைக்கு பஸ் போர்டு வாசிக்கான். ஆனா எங்க ஓட்டு எலைக்குத்தான். எலை எங்கனக்குள்ள இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க." இலை இந்தத் தடவை இல்லை என்று பெரிய சார் விளக்கினார். பாட்டி நம்பவில்லை. பொறுமையாக, வகுப்பில் சொல்வது போல இரண்டாம் முறையும் விளக்கினார். தன் சின்னத்தைச் சொல்ல மறந்துவிட்டார்.

எங்களுக்கு ஓட்டு இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாக்களிக்கும் வயது இருபத்தொன்றாக இருந்த கடைசி சட்டமன்றத் தேர்தல் எங்களுக்கு அதுதான். அதைப் பதினெட்டாகக் குறைக்கும் திருத்தம் 1988 டிசம்பரிலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 28-இல். அவரை நேரடியாக அறிந்த, அவரிடம் அடியும் வாங்கி அன்பும் வாங்கிய ஒரு தலைமுறை முழுக்க அந்த இரண்டு மாத இடைவெளியில் வெளியே நின்றது.

ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். பெரிய சார் அதன் பக்கத்திலேயே போகவில்லை. எண்ணிக்கை முடிந்து ஊருக்கு வந்ததும் நேரே பள்ளிக்கூடம் போனார். குடைமேல் ஒட்டியிருந்த தாளைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு, பெயின்ட் உரியாமல் எடுத்தார்.

அவருக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. ஆசிரியர்களுக்கென்றே தமிழ்நாட்டில் சட்ட மேலவை இடங்கள் இருந்தன. அரசியலமைப்பின் 171-ஆம் பிரிவு, மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்க ஒதுக்கியது. ஆனால் அந்த ஓட்டு உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிலையில் பாடம் நடத்துகிறவர்களுக்குத்தான். அ, ஆ சொல்லிக் கொடுக்கிறவருக்குக் கிடையாது. அந்த மேலவையும் 1986 நவம்பர் 1-ஆம் தேதியோடு போயிற்று. "இருந்தப்பவும் எனக்கு இல்ல, இப்போ யாருக்குமே இல்ல" என்பார்.

நானும் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தேன். அதன் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சை இழுத்துப் போட்டு, மை வைத்து, முத்திரையிட்டு, பெட்டியை ஒப்படைத்திருக்கிறேன். வாக்குச் சீட்டு போய் இயந்திரம் வந்ததையும் அந்தப் பெஞ்சிலிருந்தே பார்த்தேன். இந்த நாட்டில் தேர்தலை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள். ஆயிரம் பேருடைய ஓட்டை இரவெல்லாம் கண்விழித்துக் காக்க எங்களை நம்புகிறார்கள். எங்களுக்கு ஓட்டுப் போடும் அளவுக்கு மட்டும் நம்பிக்கை வருவதில்லை.

2021-இல் என் ஒன்றியத்தில் ஓர் ஆசிரியை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தேர்தலில் நின்றார். ஈராசிரியர் பள்ளி அவருடையது. அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணையே சொல்கிறது. இரண்டு பேர், ஐந்து வகுப்பு. ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் மற்றவர் ஒரே நேரத்தில் ஐந்து வகுப்பு. "மூணாங்கிளாசுக்கு வகுத்தல் போட்டுக் குடுத்துட்டு ஒண்ணாங்கிளாசுக்குப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள பெல் அடிச்சிருது சார். அஞ்சு கிளாசுக்கு அஞ்சு டீச்சர். அது ஒண்ணுதான் நான் கேக்கப் போறது" என்றார்.

பெரிய சார் ஓய்வுக்குப் பிறகு நின்றார். இவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, பதினான்கு ஆண்டுப் பணி முடிந்திருந்தது. ராஜினாமா ஏற்கப்பட்ட ஆணை கையில் இல்லாமல் மனு போட்டால், ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் என்று பரிசீலனையில் தள்ளிவிடுவார்கள். மனுத் தாக்கல் மார்ச் 12 முதல் 19 வரைதான். ஆணை வருமா வராதா என்று அந்தப் பெண் தூங்காமல் கிடந்தார். 10,000 ரூபாய் டெபாசிட், பத்து முன்மொழிபவர்கள், பிரமாணப் பத்திரம், தேர்தல் செலவுக்கென்று தனியாக வங்கிக் கணக்கு. ஒரு வேட்பாளர் 30.8 லட்சம் ரூபாய்வரை செலவழிக்கலாம் என்று அதிகாரி விளக்கினாராம். இவருடைய மொத்தச் சேமிப்பு அதில் எந்த மூலைக்கும் காணாது. சின்னமாகக் கரும்பலகை கேட்டார். இன்னொருவரும் அதையே கேட்க, குலுக்கலில் அவருக்குப் போயிற்று. இவருக்குக் கிடைத்தது தையல் மிஷின்.

நான் உடன் போகவில்லை. போக முடியாது, அரசு ஊழியர். தெருவில் அவர் ஓட்டுக் கேட்டு வந்தபோது, முகக்கவசத்துக்குமேல் கண்ணால் மட்டும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சக ஆசிரியர்கள் அவருடைய அழைப்பைக்கூட எடுக்கத் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் ஆனதை நாங்கள் அனுபவித்தவர்கள். அந்தப் பயம் லேசில் போகாது. ஆனால் பத்தொன்பது வயதில் சைக்கிள் மிதித்தவன், ஐம்பத்தோரு வயதில் வாசற்கதவுக்குப் பின்னால் நின்றேன் என்பது என்னை அறுத்துக்கொண்டே இருக்கிறது. போன ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

2021 மே 2-ஆம் தேதி அந்த ஆசிரியையும் டெபாசிட் இழந்தார். 1989-இல் கேட்ட அதே வசனத்தை அவரும் வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறார். "டீச்சர் நல்லவங்கதான், ஆனா ஜெயிக்கவா போறாங்க?"

ஆசிரியர்கள் நடுநிலையில் இருக்க வேண்டும் என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வாக்குச்சாவடியில் உட்காருகிறவன் தெருவில் கட்சிக் கொடி பிடித்தால் யார் நம்புவார்கள்? ஆனால் அதற்காக நிற்க விரும்பும் ஒருவரின் வாழ்நாள் வேலையையே பறிக்க வேண்டியதில்லை. சம்பளமில்லாத விடுப்பு கொடுங்கள். அந்த நாட்களில் தேர்தல் பணி கொடுக்காதீர்கள். ஜெயித்தால் வேலையை விடட்டும், தோற்றால் வேறு ஒன்றியத்தில் ஒரு பள்ளியைக் காட்டி அனுப்புங்கள். பக்கத்துக் கேரளத்தில் கே.கே. ஷைலஜா 1996-இல் சட்டமன்றத்துக்குப் போனபோது பள்ளி ஆசிரியைதான். விருப்ப ஓய்வு பெற்றது 2004-இல். பின்னாளில் அமைச்சராகி, 2021-இல் மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். இன்னும் அவரை டீச்சர் என்றுதான் அழைக்கிறார்கள். நம் சட்டமன்றத்தில் கல்வி மானியக் கோரிக்கை வரும்போது, சாக்பீஸ் தூசி படிந்த விரலோடு எழுந்து பேச ஓர் ஆள் வேண்டாமா? வேலையில் இருக்கும் ஆசிரியருக்கும் இந்த வழியைத் திறந்துவிடுங்கள் என்று அரசை வேண்டிக்கொள்கிறேன். ஆசிரியர் சங்கங்களும் சம்பளக் கோரிக்கைகளோடு இதையும் ஒரு வரி சேர்த்துக் கேட்க வேண்டும்.

பெரிய சார் இப்போது இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் பிள்ளைகள் ஏறுவதும் இப்போது இல்லை. உயர்நிலைப் பள்ளி வந்தது, அவர் நின்று பல ஆண்டுகள் கழித்து, வேறு ஒருவர் பெயர் பொறித்த கல்வெட்டோடு. அந்த ஆசிரியை ஒரு தனியார் பள்ளியில், முன்பு வாங்கியதில் பாதிக்கும் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறார். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் கேட்டு அவர் விட்டுவந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அந்தப் பள்ளியில் இப்போது ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார்.