தார்த்தூஃப் கேப்டவுனுக்குப் போனால்

பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ‘தார்த்தூஃப்’ நாடகத்தை, டச்சிலிருந்து கிளைத்த தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸில் மேடையேற்றுவதில் ஒரு வம்சாவளி வேடிக்கை இருக்கிறது. 1664இல் வெர்சாயில் ஆடியதும் மதவாதிகள் கொதிக்க, பதினான்காம் லூயி தடை போட்டார்; 1669இல் அவரே தளர்த்தினார். போலிச் சாமியார் கதைக்கு அனுமதி தந்த அதே மகராசன்தான் 1685இல், பக்தி முற்றி, ஹியூகனோக்கள் எனும் பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்தார். தப்பியோடியவர்களில் ஒரு சிறு கூட்டம் 1688 வாக்கில் தென்னாப்பிரிக்கக் கரையில் இறங்கியது. அங்கே ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை டச்சுக்காரர் நடுவே கலந்து குடிவைக்க, சில தலைமுறைகளில் பிரெஞ்சு மறைந்தது. டு டோய், டு பிளெஸி என்ற குடும்பப் பெயர்களும் திராட்சைத் தோட்டங்களும் மிஞ்சின. ஆக, இன்றைக்கு ஒரு டு டோய் நடிக்க வந்தால் அவருக்கே மோலியேரை மொழிபெயர்த்துத்தான் தர வேண்டும்!

இன்னொன்று. 1971இல் கேப்டவுனில் திறந்த நிக்கோ மலான் அரங்கில் 1975 வரை வெள்ளையர் மட்டுமே உட்காரலாம். வேதத்தைக் காட்டி நிறவெறிக்கு நியாயம் சொன்ன காலம். அந்த நாற்காலியில் சாய்ந்து போலிப் பக்தனைப் பார்த்துச் சிரிக்கத் தனி நெஞ்சுரம் வேண்டும். நாடக முடிவில் அவனைப் பிடித்துப்போக அரசரின் அதிகாரி வருவார். நிறவெறி அரசின் தலைநகர் பிரிட்டோரியாவிலிருந்து வந்திருந்தால், அவர் முதலில் பார்வையாளரின் தோலைத்தான் சோதித்திருப்பார்.